ஆறாங் கட்டை, மூன்றாவது வெர்ஸ்

செல்வாவை எனக்குப் பிடிக்காது. ஆனால் அவன் பேச்சைக் கேட்காமலும் இருக்க முடியாது. ஜொகூர் பாருவில் ஏதோ ஓர் அறையில் உட்கார்ந்துகொண்டு 'ராப் ரோஜாக்' என்ற பெயரில் வாரம் தவறாமல் யூடியூபில் கத்துவான். பகலில் சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் வேலை. மிச்ச நேரமெல்லாம் மலேசியத் தமிழ் ராப்பில் யார் பெரியவன், யார் திருடன், யாருக்கு உரிய பெயர் கிடைக்காமல் போனது என்பதே அவன் கவலை. கேசட் காலத்து ஆட்களிலிருந்து நேற்று மைக் பிடித்தவர்கள் வரை எல்லோரையும் வரிசைப்படுத்துவான். அவன் வரிசை பெரும்பாலும் தப்பாக இருக்கும்.

நான் கெலாங் பாத்தாவில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு மாணவர் இறங்கி அடுத்தவர் ஏறும் இடைவெளியில், பள்ளியின் பழைய கஞ்சில் காரில் உட்கார்ந்து அவனைக் கேட்பேன். கேட்டுக்கொண்டே திட்டுவேன். மடையா, அது தாளம் தப்பிய இடமில்லை, வேண்டுமென்றே ஒரு அடி தள்ளி விழுகிற இடம் என்று ஸ்டியரிங்கிடம் சொல்வேன். என் கணவர் மூர்த்திக்கு ராப் என்றாலே தலைவலி. தினமும் இரண்டாம் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூரின் துவாஸுக்கு வேலைக்குப் போய் வருகிறவருக்கு வீட்டில் அமைதி வேண்டும். மகள் தேன்மொழிக்குக் கொரியப் பாட்டுதான் உயிர். லோஷினி என்கிற இந்த அம்மாவுக்கு ராப் தெரியும் என்பதே அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

தெரியாமல் இருந்ததால்தான் நான் உயிரோடு இருந்தேன். இதைப் பேச்சுக்காகச் சொல்லவில்லை.

இருபது வருடங்களுக்கு முன்னால் சிம்பாங் ரெங்கத்தில் நாங்கள் நான்கு பேர் 'கித்தா கும்பல்' என்று ஒரு குழு வைத்திருந்தோம். ரப்பரைக் கித்தா என்று சொல்லும் தோட்டத்து வீடுகளில் பிறந்தவர்கள், அதனால் அந்தப் பெயர். காளிதாஸுக்கு முகவெட்டு இருந்தது. தீபனுக்குக் குரல் இருந்தது. சுகுமாறன் இசை போடுவான். நான் எழுதுவேன். அப்பாவுக்குத் தெரிந்தால் காலை ஒடித்துவிடுவார் என்பதால் என் பெயர் எங்கேயும் வராது. மேடையில் காளிதாஸ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொந்தச் சரக்குபோல அள்ளி விட்ட வரிகள் எல்லாம் நான் எழுதியவை. அவனுக்கு ஒரு வரியை முடிக்கவே இரண்டு இடத்தில் மூச்சு வாங்க வேண்டும். அவனுக்காகவே வரிகளை ஒடித்து ஒடித்து எழுதுவேன். எரிச்சலாக வரும்.

அந்தக் காலத்தில் சபாபதி என்று ஒருவன் லாரிகள் வைத்திருந்தான். பொழுதுபோக்குக்குக் கலை நிகழ்ச்சிகள் நடத்துவான். சுகு போட்டுக்கொடுத்த இசையை வாங்கிக்கொண்டு போய்த் தன் மைத்துனன் போட்டதாகச் சொல்லி வெளியிட்டான். சுகு சும்மா இருக்கவில்லை. குளுவாங்கில் ஒரு மண்டபம் நிறைந்த கூட்டத்தில், சபாபதியை முன்வரிசையில் வைத்துக்கொண்டே, பேரைச் சொல்லிக் கிழித்துப் பாடினான். ராப்பில் இதற்கு டிஸ் என்று பெயர். பாட்டில் ஒருவனை நாறடிப்பது. வாங்கியவன் பதிலுக்குப் பாட்டிலேயே அடிக்க வேண்டும், அதோடு முடிந்தது என்பதுதான் இந்த ஆட்டத்தின் சட்டம். சபாபதிக்குப் பாடத் தெரியாது. எழுந்து போகாமல் கடைசிவரை உட்கார்ந்து கேட்டான்.

அடுத்த வாரம் ஒருநாள், மழை விட்ட அந்தி நேரத்தில், சுகுவின் மோட்டார் சைக்கிளில் நான் பின்னால் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தேன். ஆறாவது மைல் கல் இருக்கும் இடத்தை எங்கள் ஆட்கள் ஆறாங் கட்டை என்பார்கள். அங்கே செம்பனை மரங்களின் மறைவிலிருந்து ஒரு லாரி வந்தது. அதற்கு ஒரு பக்கத்து விளக்கு மட்டும்தான் எரிந்தது. நான் தூக்கியெறியப்பட்டு, ஓரத்துக் கால்வாயில் புல்லுக்குள் போய் விழுந்தேன். அங்கிருந்து பார்த்தேன். சபாபதி இறங்கி வந்தான். குனிந்து சுகுவின் முகத்தைப் பார்த்தான். சாய்ந்து கிடந்த வண்டியின் எஞ்சின் இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. அவன் சாவியைத் திருகி அதை அணைத்துவிட்டு, லாரியில் ஏறிப் போய்விட்டான்.

கால்வாயில் ஒருத்தி கிடப்பது அவனுக்குத் தெரியாது. சுகு வழுக்கி விழுந்து செத்தான் என்று ஊர் முடிவு கட்டியது. நான் வீட்டில் பொய் சொல்லிவிட்டுப் போனவள், அந்த வண்டியில் இருந்தேன் என்று ஒருவருக்கும் தெரியாது. வாயைத் திறந்தால் அடுத்த பிணம் நான்தான் என்பது எனக்குத் தெரியும். சபாபதியின் ஆட்களைப் பற்றி அந்தப் பக்கத்தில் தெரியாதவர்கள் இல்லை. பயந்தேன், பிழைத்தேன். அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்கும் எண்ணம் எனக்கு இல்லை.

ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை. தீபன் சுகுவின் நினைவாக 'ஆறாங் கட்டை' என்று ஒரு பாட்டுப் போட நினைத்தபோது மூன்றாவது வெர்ஸை, அதாவது மூன்றாவது பத்தியை, எழுதிக் கொடுத்தேன். கண்ணால் பார்த்ததை எழுதினேன், பேரை மட்டும் விட்டுவிட்டேன். தீபன் அதை என் கற்பனை என்றே நினைத்தான். அந்த வெர்ஸில் மூச்சு வாங்க இடமே கிடையாது. அவனுக்குத் தாளம் பிடிபடவில்லை. அதனால் அவன் அறையில், போர்வை தொங்கவிட்ட அலமாரிக்குள் மைக்கை வைத்து, முதலில் நான் முழுதையும் பாடிப் பதிவு செய்தேன். இதைக் கைடு என்பார்கள். அதைக் காதில் கேட்டுக்கொண்டே அவன் மேலே பாடினான். முடிந்ததும் கைடை அழித்துவிட வேண்டும். தீபனோ, குரல் கனமாகக் கேட்கிறது என்று என் குரலை அடியில் லேசாக விட்டுவைத்தான். யாருக்கும் கேட்காது என்றான். அப்போது அது உண்மைதான்.

அந்த சிடி விற்கவில்லை. கும்பல் கலைந்தது. நான் கல்யாணமாகி கெலாங் பாத்தாவுக்கு வந்தேன். கொரோனாவில் தீபனும் போய்ச் சேர்ந்தான். சபாபதி அரசுப் பட்டம் வாங்கி டத்தோ சபாபதி ஆகி, கோயில் விழாக்களிலும் கலை விழாக்களிலும் மாலையோடு நின்றான். எல்லாம் அடங்கிப்போனது என்று நான் நினைத்திருந்தேன்.

யாரோ ஒருவர் அந்தப் பாட்டை இணையத்தில் ஏற்றினார். செல்வாவுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. மலேசியத் தமிழ் ராப்பில் இதுவரை வந்ததிலேயே பெரிய வெர்ஸ் இதுதான் என்று மேசையைத் தட்டினான். காரில் உட்கார்ந்து அதைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷம்தான். வேறு என்ன சொல்ல? அந்த வாரம் மட்டும் அவன் வரிசை சரியாக இருந்தது.

"ஆறாங் கட்டை, அந்தி நேரம், ஒத்தக் கண்ணு லாரி,
ஆளத் தூக்கி வீசிப் போட்டும் வரல ஒரு சாரி,
இறங்கி வந்தான், குனிஞ்சு பாத்தான், உறுமுது இன்னும் வண்டி,
சாவியத் திருகி சத்தத்த அடக்கி ஏறிப் போனான் தாண்டி."

வரி வரியாக நிறுத்தி விளக்கம் சொன்னான். பாதி தப்பு. இருந்தாலும் கேட்டேன். தீபன் எழுதியது என்றே அவனும் எண்ணினான். செத்தவன் பெயரில் இருந்தால் எனக்கு ஆபத்தில்லை. அப்படியே விட்டிருக்கலாம்.

அடுத்த வாரம் காளிதாஸ் அவன் நிகழ்ச்சிக்கு வந்தான். இப்போது கல்யாண விருந்துகளில் அறிவிப்பாளராக இருக்கிறான். தொப்பை போட்டிருக்கிறது, கருப்புக் கண்ணாடி மட்டும் அதேதான்.

"தீபன் வெறும் குரலு லா தம்பி," என்றான். "மூணாவது வெர்ஸ் நான் எழுதினது. ஒரே மூச்சுல எழுதினேன். சுகு என் நண்பன். அந்த வலி எனக்குள்ளேருந்து வந்தது."

செல்வா நம்பினான். கண் கலங்கக் கையெடுத்துக் கும்பிட்டான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. காளிதாஸா? நான்கு சொல்லைச் சேர்ந்தாற்போல் சொல்ல வராத காளிதாஸா? சுகுவின் சாவையும் என் வரியையும் சேர்த்து ஒருவன் தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறான். பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு மாணவர்களுக்குப் பாடம் நடத்தினேன். மூன்றாவது ஆள் வரவில்லை. ஃபோனை எடுத்தேன். 'கோப்பி ஓ கோசோங்' என்ற பெயரில் எனக்கு ஒரு கணக்கு இருந்தது, பாலும் சீனியும் இல்லாத கடுங்காப்பி. அதில் எழுதினேன்: "காளிதாஸ் எழுதினார் என்றால் ஒன்றே ஒன்று சொல்லட்டும். ஒத்தக் கண்ணு லாரிக்கு எரிந்தது எந்தக் கண்? இடதா, வலதா? எழுதியவருக்குத் தெரியும்."

ராப் ரசிகர்களுக்கு இது பழக்கம்தான். வரி உன்னுடையதா, அப்படியானால் வரியில் இல்லாத ஒன்றைச் சொல் என்று மடக்குவோம். ஒரு சண்டையில் ஜெயிக்க வேண்டும் என்ற வெறியில், என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

காளிதாஸ் முதலில் வலது என்றான். பிறகு மழையில் சரியாகத் தெரியவில்லை என்றான். அப்புறம், அது ஒரு கற்பனை லாரி, அதற்கு ஏது இடது வலது என்றான். பார்த்தவர்கள் அவனைக் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். நான் ஒரு நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு செல்வா காளிதாஸை விட்டுவிட்டான். யார் இந்தக் கோப்பி ஓ கோசோங் என்று பிடித்துக்கொண்டான். நான் என் கருத்தை அழித்தேன். அதற்குள் அதைப் படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்பியிருந்தார்கள். இப்போது பாட்டிலிருந்து இசையையும் குரலையும் தனித்தனியாகப் பிரிக்க மென்பொருள் வந்துவிட்டது. செல்வா தீபனின் குரலைப் பிரித்தான். அதற்கு அடியில் இன்னொரு குரல் இருந்தது. அதை நிகழ்ச்சியில் போட்டான்.

என் பத்தொன்பது வயதுக் குரலைக் காரின் ஸ்பீக்கரில் கேட்டேன். கரகரவென்று, தூரத்தில், ஆனால் ஒரு சொல்லும் பிசகாமல்.

"பொம்பள!" என்று கத்தினான் செல்வா. "மக்களே, இது ஒரு பொம்பளக் குரல்! இருபது வருஷமா ஒரு ராப் ராணிய மறைச்சு வச்சிருக்கோம். நாம அவங்களக் கண்டுபிடிக்கிறோம். உரிய மரியாதையக் குடுக்கிறோம்!"

மறக்கப்பட்ட குரலைத் தேடுவோம் என்று ஒரு பிரச்சாரம் கிளம்பியது. சிம்பாங் ரெங்கத்தில் எங்களோடு படித்தவர்களையெல்லாம் கேட்டார்கள். காளிதாஸுக்கு என்னைத் தெரியும், ஆனால் சொன்னால் தன் பொய் உறுதியாகிவிடும் என்று அவன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நல்ல பிள்ளைகள்தான். ஒருவருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. அன்போடு என்னைச் சுற்றி வளைத்தார்கள். மூன்றாவது வாரம் செல்வா புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். அவனுக்குப் பின்னால் ஒரு பெரிய பதாகை தொங்கியது. இந்தத் தேடலுக்குப் புரவலர் கிடைத்துவிட்டார், கலை வள்ளல் டத்தோ சபாபதி என்றான். அந்தக் குரல் கிடைத்ததும் ஜொகூர் பாருவில் மேடை போட்டு விருது கொடுப்பார்களாம். அவரே தொலைபேசியில் வந்து பேசினார்.

"பாட்டு நல்ல பாட்டு," என்றது அந்தக் குரல். மெதுவாக, மரியாதையாக. "ஆனா எனக்கு அந்த விளக்குக் கேள்விதான் ரொம்பப் புடிச்சது, தம்பி. யாரு கேட்டாங்களோ, அவங்கள நான் நேர்ல பாக்கணும்."

பாட்டைக் கேட்டு அவன் பயந்திருக்க மாட்டான். எழுதியவன் செத்துப்போனான் என்று விட்டிருப்பான். நான் கேட்ட கேள்விதான், அங்கே இருந்து பார்த்த ஆள் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அவனுக்குச் சொல்லியிருந்தது.

அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை. என் தமிழ்க் குரலை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்று மாணவர்களிடம் மலாயிலேயே பேசினேன். மூர்த்தியிடம் சொல்லிவிடலாமா என்று தினமும் வாயெடுப்பேன். சொன்னால் அவருக்கும் ஆபத்து என்று அடக்கிக்கொள்வேன். தேன்மொழியைப் பள்ளிப் பேருந்தில் விடாமல் நானே கொண்டுபோய் விட்டேன். "ஏன் அம்மா, எனக்கு வெக்கமா இருக்கு லா," என்று சிணுங்கினாள். பள்ளி வாசலில் லாரி எது நின்றாலும் அதன் கதவில் எழுதியிருக்கும் பெயரைப் படிப்பேன்.

ஒரு புதன்கிழமை காலை புது மாணவர் ஒருவர் பதிவாகியிருந்தார். பெயர் சதாசிவம். வந்தவனுக்கு இருபத்தெட்டு வயதிருக்கும். முகத்தில் முகக்கவசம், கையில் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, "குட் மார்னிங் டீச்சர்," என்றான்.

அந்த ஒரு வார்த்தையே போதும். மாதக்கணக்கில் என் காதுக்குள் கத்திய குரல் அது.

"கிளட்ச மிதி. கியரப் போடு. மெதுவா விடு," என்றேன். கார் துள்ளி நின்றது. மறுபடியும் கிளப்பினான், மறுபடியும் துள்ளி நின்றது. எப்படியோ உருட்டிக்கொண்டு புதுக் குடியிருப்புப் பக்கம் ஆளில்லாத சாலைக்கு வந்து சேர்ந்தோம். அவனே ஓரமாக நிறுத்தி முகக்கவசத்தைக் கழற்றினான்.

"அக்கா, நீங்கதானே?"

"யாரு நானு?"

"கோப்பி ஓ கோசோங்."

நான் வெளியே பார்த்தேன். அவன் பேசிக்கொண்டே போனான். சதாசிவம் என்பது அவன் அப்பா பெயராம். என் மாணவி ஒருத்தி முன்பு எப்போதோ நான் தமிழில் ஏசுவதைப் படம் பிடித்து டிக்டாக்கில் போட்டிருக்கிறாள்.

"காலத் தூக்கு, கண்ணாடியப் பாரு, கைய ஏன் இறுக்குறன்னு நீங்க ஏசறீங்க. ஏசறதே நாலடித் தாளத்துல விழுது அக்கா! அந்தக் குரல கைடு குரலோட பக்கத்துல வச்சுக் கேட்டேன். ஒரே ஆளு. எனக்கு அழுகையே வந்துருச்சு."

அவன் கண்ணில் உண்மையாகவே தண்ணீர் நின்றது. இருபது வருடத்தில் என் எழுத்துக்காக அழுத முதல் ஆள் அவன்தான். அவனை அறையவும் தோன்றியது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது.

"யாருகிட்ட சொன்ன?"

"ஒருத்தர்கிட்டயும் சொல்லல லா. டத்தோகிட்ட மட்டுந்தான். ஸ்பான்சருக்குத்தான் மொதல்ல சொல்லணும்னு பேச்சு. காலையில மெசேஜ் போட்டேன். உங்க பேரு, ஸ்கூலு, எல்லாம். அவருக்கு ரொம்ப சந்தோசம்."

நான் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குளுவாங் மண்டபம், ஆறாங் கட்டை, கால்வாய், குனிந்து பார்த்த முகம், திருகிய சாவி. முதலில் சிரித்தான். "டத்தோவா? அவரு கோயிலுக்கெல்லாம் செய்றவரு அக்கா," என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். பிறகு அந்த நாலு வரிகளையும் வாய்க்குள் முணுமுணுத்தான். வரி வரியாக அவனே விளக்கம் சொன்ன வெர்ஸ். இப்போதுதான் அவனுக்கு அது புரிந்தது. மடியில் இருந்த ஹெல்மெட் நழுவிக் காலடியில் விழுந்தது.

"அழிச்சிரட்டுமா மெசேஜ?"

"அவன் படிச்சுட்டான்ல?"

"ம்."

"எரிஞ்சது வலது கண்ணுடா," என்றேன். ஏன் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை. யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்கட்டும் என்று நினைத்திருக்கலாம்.

யோசிக்க நேரமில்லை. எனக்கு ஒன்று மட்டும் தெளிவாகப் பட்டது. இத்தனை நாள் யாருக்கும் தெரியாமல் இருந்தது என்னைக் காப்பாற்றியது. இப்போது சபாபதி ஒருவனுக்கு மட்டும் தெரியும். அதுதான் மிக மோசமான நிலை. ஒன்று ஒருவருக்கும் தெரியக்கூடாது, இல்லை ஊருக்கே தெரிய வேண்டும். ஊரே பார்த்துக்கொண்டிருக்கும்போது என்மேல் கை வைக்க அவன் யோசிப்பான். போலீஸும் கேட்டாக வேண்டும்.

"உன் சேனல்ல லைவ் போடு," என்றேன். "இப்பவே."

செல்வா முதலில் தயங்கினான். ஆனால் போட்டான். அதை அவன் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும். ஃபோனை டேஷ்போர்டில் சாய்த்து வைத்தான். 'கிடைத்துவிட்டார்' என்று தலைப்புக் கொடுத்தான். சாப்பாட்டு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆட்கள் சரசரவென்று உள்ளே வந்தார்கள். எண் ஏறிக்கொண்டே போனது.

நான் கேமராவைப் பார்த்தேன். "என் பேரு லோஷினி. மூணாவது வெர்ஸ் நான் எழுதினது," என்றேன். பாடினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக என் முகத்தோடு, என் குரலில், ஒரு மூச்சும் ஒடிக்காமல் பாடினேன். கைகள் தாமாகத் தாளம் போட்டன. அந்தச் சில நிமிடங்களில் பயமே இல்லை. சுகு பக்கத்தில் இருந்தால் தலையை ஆட்டியிருப்பான் என்று நினைத்தேன்.

முடித்ததும் மூச்சு வாங்காமல் தொடர்ந்தேன். "இது பாட்டு இல்ல. இது நடந்தது. சுகுமாறன் வழுக்கி விழல. லாரிய விட்டு ஏத்தினது சபாபதி, இன்னிக்கு டத்தோ சபாபதி. நான் அந்த வண்டியில பின்னால உக்காந்திருந்தேன். கால்வாயில கெடந்து பாத்தேன். எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா அவன்தான் காரணம்."

திரையில் கருத்துகள் கொட்டின. படிக்கக் குனிந்தேன்.

"அலமாக்! பேரப் போட்டு அடிக்கிறாங்க!"

"பேசறதையும் பாட்டோட சேத்தாங்க பாரு, செம ஸ்டோரிடெல்லிங்."

"ஸ்பான்சருக்கே டிஸ்ஸா? தில்லு லா."

"மூணாவது வரில குரல் கொஞ்சம் தளருது. பழைய ரெக்கார்டிங்தான் பெஸ்ட்."

"போடா, இதுதான் பெஸ்ட்."

"காளிதாஸ் எப்ப பதில் குடுக்கப் போறாரு? சண்டை வேணும் எங்களுக்கு."

நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். டிஸ் இல்லை, சாட்சி சொல்கிறேன், போலீஸுக்குப் போகிறேன் என்று சொன்னேன். கத்தினேன். என் கத்தலுக்கும் நெருப்புப் படங்களைப் போட்டார்கள். யாரோ ஒருவன் நான் கத்துவதற்குப் பொருத்தமாக ஓர் இசை போடப் போவதாக எழுதினான். இவர்கள் யாரும் முட்டாள்கள் இல்லை. ஒரு மூச்சு எங்கே ஒடிகிறது என்பது இவர்களுக்குத் தெரியும். ராப் பாடுகிறவள் ஒருவனைக் கொலைகாரன் என்று சொன்னால், அதற்குக் கைதட்டத்தான் இவர்கள் பழகியிருந்தார்கள்.

நான் ஃபோனைச் செல்வாவின் பக்கம் திருப்பினேன். "நீ சொல்லு," என்றேன். "உன்னத்தான் நம்புவாங்க. இது உண்மைன்னு சொல்லு."

செல்வா கேமராவைப் பார்த்தான். வாயைத் திறந்தான். அதே நேரத்தில் திரையின் அடியில் ஒரு பெயர் வந்தது. டத்தோ சபாபதி இணைந்தார் என்று காட்டியது. செல்வாவின் கண் அதில் போய் நின்றது. பயந்து வாயை மூடிக்கொண்ட பழைய பாடகர்கள் எத்தனை பேரை இவன் கோழைகள் என்று திட்டியிருக்கிறான்!

"மக்களே," என்றான். குரலைக் கனைத்து, நிகழ்ச்சியில் பேசுகிற குரலை வரவழைத்துக்கொண்டான். "டிஸ்ஸுன்னா இது டிஸ்ஸு."

அவன் என் பக்கம் திரும்பவில்லை. அவனைக் குறை சொல்ல முடியாது, இருபது வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தவள் நான்.

திரையில் சபாபதியின் கருத்து வந்தது. உடனே அதை யாரோ மேலே நிறுத்தி வைத்தார்கள். "அருமை, தங்கச்சி. இந்த டிஸ்ஸை நான் தலைவணங்கி ஏற்றுக்கொள்கிறேன். சனிக்கிழமை நம் மேடையில் நேரில் பாடுங்கள். தேன்மொழியையும் மறக்காமல் அழைத்து வாருங்கள்."

மகள் இருக்கிறாள் என்றே செல்வாவிடம் நான் சொல்லியிருக்கவில்லை. தேன்மொழி யாரு என்று ஒருவர் கேட்டார். அவங்க பாப்பாவா இருக்கும், டத்தோவுக்கு என்ன மனசு பாருங்க என்று இன்னொருவர் எழுதினார். அந்த நேரலையில் மிக அதிகமான இதயங்கள் விழுந்தது அவன் கருத்துக்குத்தான்.